விலகாமல் இருந்தால் போதும்

பிப்ரவரி 4

மைனாவுக்கு,

உடம்பு நன்றாகவே இருக்கிறது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நீ பாதியைக் கேட்பாய், மறுபாதியில் என்னை அதட்டுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நேற்று நம் வார்டு உறுப்பினர் பதவிக்கு வேட்புமனு கொடுத்தேன். ஆம், நானேதான். எழுபத்து நான்கு வயதில் இது எதற்கு என்பாய். ரயில்பாதைக்கு மேலே நிற்கும் நடைமேம்பாலத்துக்காக. அதைக் கட்டியவர் நம் கான்ட்ராக்டர். இரண்டாவது மழைக்கே விரிசல் விட்டது. பூட்டியவரும் அவரே, ஏனென்றால் வார்டு உறுப்பினரும் அவரே. இப்போது பூட்டும் துருப்பிடித்துவிட்டது. இந்தப் பக்கத்து மக்கள் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் பாலுக்கும் பள்ளிக்கும் போகிறார்கள்; நானும்தான்.

அப்படியானால் ஓட்டுப் போட்டுத் தோற்கடிப்பதுதானே என்று நீ கேட்கலாம். கடந்த மூன்று முறையும் இந்த வார்டில் தேர்தலே நடக்கவில்லை. ஐந்தாறு பேர் மனு கொடுப்பார்கள். மனுவை விலக்கிக்கொள்ளும் கடைசி நாளில் ஒவ்வொருவராக உள்ளே போய் விலகிவிட்டு, எதிரே இருக்கும் கடையில் கான்ட்ராக்டர் வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர்கள் போலச் சிரித்துக்கொண்டு கலைவார்கள். ஒரே பெயர் மிஞ்சினால் வாக்குப்பதிவு கிடையாது. அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்துவிடுவார்கள். இந்தத் தெருவில் தலை நரைக்கத் தொடங்கியும் வார்டுக்கு ஒரு வாக்குக்கூடப் போட்டறியாதவர்கள் இருக்கிறார்கள்.

விதிப்புத்தகம் வாங்கி முழுவதும் படித்தேன். எழுதியவருக்கு முற்றுப்புள்ளி என்றால் பயம் போலிருக்கிறது. ஆனால் விலகல் பற்றிய பகுதி மட்டும் தெளிவாக இருக்கிறது. விலகுவதாக எழுதி வேட்பாளர் கையெழுத்திட வேண்டும். அதை அவரே கொடுக்கலாம், அல்லது அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்த ஏஜென்ட் கொடுக்கலாம். கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே நான் வெல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. விலகாமல் இருந்தால் போதும். இரண்டு பெயர் மிஞ்சினால் பெட்டி வைத்தே தீர வேண்டும்.

என்னை முன்மொழிந்தவள் தையற்கடைக்காரி. கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கடைசி வரைக்கும் நிப்பீங்களா மேடம்? போன தடவை நின்னவருக்கும் நான்தான் போட்டேன். அவரு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ஒரு வருஷம் கான்ட்ராக்டர் வீட்டாளுங்க யாரும் என்கிட்ட ஒரு துணி தைக்கக் குடுக்கல."

நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் அவ்வளவு எளிதில் வாக்குக் கொடுப்பவள் அல்ல என்பது உனக்குத் தெரியும்; உனக்கு நாய்க்குட்டி வாங்கித் தருவதாகக்கூட நான் சொன்னதில்லை.

அம்மா


பிப்ரவரி 7

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை பாங்க்கில் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அதற்கப்புறம் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். உன்னோடு சண்டை போடப் போவதில்லை. போட்டு யார் ஜெயித்தார்கள்? அப்பா ஆயுள் முழுக்க முயன்று பார்த்தார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீ வெயிலில் அலையக் கூடாது. மாடியில் சித்தப்பா பேப்பரை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறார்? அவரை ஏஜென்ட்டாகப் போட்டுவிடு. பேப்பர் கொடுப்பது, வாங்குவது, வரிசையில் நிற்பது எல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

மாத்திரையை மறக்காதே. பால் வாங்க வேறு யாரையாவது அனுப்பு. நான் சொன்னால் நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உன் மைனா


பிப்ரவரி 11

மைனாவுக்கு,

உன் தூக்கத்தை முன்னிட்டு உன் சித்தப்பாவை ஏஜென்ட்டாக நியமித்திருக்கிறேன். கேட்டதும் அவர் எழுந்து நின்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாதே அண்ணி" என்றார். தெரியாதவர்தான் தேவை, தெரிந்தவள் நான் இருக்கிறேன் என்றேன்.

நியமனக் கடிதத்தை நானே எழுதினேன். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அதிகாரம் எழுதுவது சோம்பேறிகளின் பழக்கம். 'விதிகள் அனுமதிக்கும் அறிவிப்புகள் அனைத்தையும் என் சார்பில் கொடுக்கவும் பெறவும்' என்று ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டேன். தேர்தல் அலுவலர் சின்னப் பெண். இதைவிடச் சுத்தமான கடிதத்தைத் தான் பார்த்ததில்லை என்றாள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

மதியத்துக்கு மேல் என் வலது கை நடுங்குவது உனக்குத் தெரியும். கல்லூரியில் முதல்வராக இருந்தபோது செய்ததையே இப்போதும் செய்கிறேன். காலையில் உட்கார்ந்து வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்திட்டு வைத்துவிடுகிறேன். அங்கே தலைமை எழுத்தர் மேலே தட்டச்சு செய்துகொண்டது போல, இங்கே உன் சித்தப்பா எழுதிக்கொள்கிறார். கூட்டம் நடத்த அனுமதி, ஒலிபெருக்கிக்கு அனுமதி, எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பம். நான் முதல்வராக இருந்த காலத்தில் ஒரு தாள்கூடத் தவறான இடத்துக்குப் போனதில்லை.

நேற்று கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை ஆப்பிள், முகத்தில் பையைவிடப் பெரிய சிரிப்பு. "என் பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க நீங்க. உங்களோட மோதுறது எனக்கே சங்கடமா இருக்கு மேடம்" என்றார். உங்கள் பெண் மூன்று முறை எழுதித்தான் தேறினாள், ஆனாலும் அவள் நடுவில் விலகவில்லை என்று நினைவூட்டினேன். அவர் ஆப்பிளை மேசையில் வைக்கலாமா, திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பதினாறாம் தேதி விலகலுக்குக் கடைசி நாள். போய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கப் போகிறேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை.

அம்மா


பிப்ரவரி 16

மைனா,

உன் சித்தப்பா உன்னைக் கூப்பிட்டாரா? கூப்பிட்டிருந்தால் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எனக்குத் தெரியப்படுத்து. மாடி பூட்டியிருக்கிறது. அவர் தொலைபேசி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினாலாவது எனக்குப் புரிகிறதா பார்க்கலாம்.

மதியம் அலுவலகத்துக்குப் போய்ச் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனு கொடுத்திருந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார், விலகினார். பெயின்ட் கடைக்காரர் வந்தார், விலகினார். இருவரும் என்னைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று மணிக்கு அலுவலர் கதவைச் சாத்தினாள். சற்றுப் பொறுத்து வெளியே வந்து இறுதிப் பட்டியலைப் பலகையில் ஒட்டினாள். எழுந்து போய்ப் படித்தேன். ஒரே பெயர் இருந்தது, என்னுடையது அல்ல.

எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். அப்படியே சொன்னேன். அவள் என்னை உள்ளே அழைத்துப் போனாள். கோப்பைப் பிரித்துக் காட்டினாள்.

"உங்க ஏஜென்ட் காலையிலேயே குடுத்துட்டாரே மேடம். நீங்க சொல்லித்தானே...?" அடியில் விரலை வைத்தாள். "கையெழுத்து உங்களோடதுதானே?"

மேலே விலகுவதாக உன் சித்தப்பாவின் உருண்டைக் கையெழுத்தில் இரண்டு வரி. கீழே நான், தெளிவாக, காலைநேரத்துக் கையால், ஒரு வளைவுகூடக் குறையாமல். என்னுடையதுதான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"அப்போ விதிப்படி நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் அவள். எந்த விதி என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். எண்ணை நான்தான் சொன்னேன்.

வெளியே கைதட்டல் கேட்டது. நான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். எல்லோருக்கும் அனுப்புவது போல கான்ட்ராக்டர் எனக்கும் அனுப்பியிருக்கிறார். அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நேரத்தில் எதுவுமே தோன்றவில்லை. அப்போதுதான் தையற்கடைக்காரி உள்ளே வந்தாள். கழுத்தில் அளவுநாடா தொங்கியது, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிளாஸைப் பார்த்தாள்.

"டீ ஆறுது மேடம். குடிச்சிட்டே போங்க."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. உன் சித்தப்பாவுக்கு கான்ட்ராக்டர் என்ன காட்டினாரோ, எதைக் காட்டி மயக்கினாரோ தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவருக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அம்மா


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தப்பாவைத் திட்டாதே. நான்தான் செய்யச் சொன்னேன்.

பன்னிரண்டாம் தேதி எனக்கு ஒரு போன் வந்தது. யார் என்று சொல்லவில்லை. ரொம்ப மரியாதையான குரல். "உங்கம்மா தினமும் சாயங்காலம் தண்டவாளம் தாண்டித்தான் பாலுக்குப் போறாங்க போல. இந்த வயசுல ரயில் சத்தம் சரியாக் கேக்குமோ என்னவோ. பொண்ணு நீங்க, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அம்மா, அவன் மிரட்டியிருந்தால்கூட நான் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

உன்னிடம் சொன்னால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே இரண்டு தடவை தண்டவாளத்தைத் தாண்டியிருப்பாய். அதனால் சித்தப்பாவைக் கூப்பிட்டு அழுதேன். அவர் முதலில் முடியாது என்றார். "அண்ணி மூஞ்சில நான் எப்படிம்மா முழிக்கிறது?" என்று கேட்டார். அண்ணியே இல்லாமல் போனால் யார் முகத்தில் விழிப்பீர்கள் என்று நான்தான் கேட்டேன். கையெழுத்திட்ட தாள் அவரிடம் இருந்தது. உன் அதிகாரக் கடிதமும் இருந்தது. இப்போது நண்பர் வீட்டில் இருக்கிறார். உன் போனை எடுக்கவே பயமாக இருக்கிறதாம்.

கோபப்படு. பேசாமல் இரு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு. உயிரோடு இருந்துகொண்டு என்னோடு பேசாமல் இரு, அது எனக்குப் போதும். மாத்திரை போடு. உனக்கு ஆயிரம் முத்தங்கள்.

உன் மைனா


பிப்ரவரி 27

மைனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்க வந்தேனா, அணைக்க வந்தேனா என்று தெரியவில்லை. கான்ட்ராக்டர் செய்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் பழகிய சாமான், எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். இதை எங்கே வைப்பது?

அந்த மிரட்டல் எனக்கு உரியது. என் கழுத்துக்கு வந்ததை நீ வழியில் வாங்கிப் பிரித்துப் படித்து, எனக்குப் பதிலாக நீயே பயந்து, எனக்குப் பதிலாக நீயே முடிவும் எடுத்திருக்கிறாய். நான் பயப்படுவேனா மாட்டேனா என்று பார்க்கும் வாய்ப்பைக்கூட எனக்குக் கொடுக்கவில்லை. ஒருவேளை பயந்திருப்பேன். நானே போய் விலகியிருந்தாலும் வியப்பதற்கில்லை. அப்படியிருந்தால் அந்த டீ எனக்கு உரியதாகவே இருந்திருக்கும்.

என் பங்கையும் மறுக்கவில்லை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போல, வெற்றுத்தாளில் கையெழுத்தையும் எல்லையில்லாத அதிகாரத்தையும் நானே கொடுத்தேன். நல்ல வாக்கியம் எழுதும் ஆசையால் வந்த வினை.

தெருவில் இப்போது எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. 'டீ மேடம்' என்கிறார்கள். காய்கறிக்காரர் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் பலகையில் வைக்கிறார். தையற்கடைக்காரி என்னைக் கண்டதும் மிஷினை வேகமாக மிதிக்கிறாள். நான் விலை போய்விட்டேன் என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? இதுவரை நின்ற ஒவ்வொருவரும் விலை போனவர்களே.

மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் மனு கொடுத்திருக்கிறேன். வேட்பாளரின் சம்மதம் இல்லாமல் கொடுக்கப்பட்ட விலகல் என்று நிரூபித்தால் அறிவிப்பை ரத்து செய்து தேர்தல் நடத்த அவருக்கு அதிகாரம் உண்டு. உன் சித்தப்பா திரும்பி வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டார். உன்னைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. "அண்ணிதான் விலகச் சொன்னாங்க. இப்பல்லாம் அவங்களுக்கு மறதி ஜாஸ்தி. சொன்னதே ஞாபகம் இருக்காது" என்று எழுதியிருக்கிறார். மாடியிலிருந்து அவர் இருமும் சத்தம் கேட்கிறது. நான் படியேறவில்லை.

உன்னிடம் நான் கேட்பது நான்கு வரி. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு அதிகாரிக்கு அனுப்பு. போன் வந்ததையும் எழுது, அதுவும் விசாரிக்கப்பட வேண்டியதுதான்.

அம்மா


மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நான் எழுதிக் கொடுத்தால் என் மேல் வழக்கு வரும், சித்தப்பா மேலும் வரும். பாங்க்கில் விசாரணை என்ற சொல் காதில் விழுந்தாலே சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். போன் செய்தவன் யார் என்று நான் எதை வைத்து நிரூபிப்பேன்?

ஒரு வக்கீலிடம் கேட்டேன். அவர் சுலபமான வழி ஒன்று சொன்னார். சித்தப்பா சொன்னதையே நீயும் ஒத்துக்கொண்டால் போதும். நீ சொன்னாய், பிறகு மறந்துவிட்டாய். அதில் யாருக்கும் குற்றம் இல்லை. தெருவில் நீ விலை போனதாகச் சொல்கிறார்களே, அந்தப் பேச்சும் நின்றுவிடும். வயதானவர்கள் மறப்பது சகஜம்தானே, யார் குறை சொல்வார்கள்? பாவம் என்றுதான் சொல்வார்கள். தேவைப்பட்டால் டாக்டர் சர்டிபிகேட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். அதற்குப் பிறகு நீ இங்கே வந்து என்னோடு இரு. உன் அறையில் ஜன்னலோரமாக மேசை போட்டுவிட்டேன்.

கெஞ்சிக் கேட்கிறேன் அம்மா. மறந்துவிட்டேன் என்று ஒரே ஒரு சொல்.

உன் மைனா


மார்ச் 14

மைனாவுக்கு,

முந்தாநாள் விசாரணை நடந்தது. நீ மற்றவர்களிடமிருந்து கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

சிறிய அறை. அதிகாரி, ஒரு எழுத்தர், கான்ட்ராக்டர், உன் சித்தப்பா, முன்மொழிந்தவள் என்பதால் தையற்கடைக்காரி, அப்புறம் நான். உன் சித்தப்பா எழுதிக் கொடுத்ததையே வாயாலும் சொன்னார், என்னைப் பார்க்காமல். அதிகாரி நல்ல மனிதர்; குழந்தையிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா. ஒருவேளை நீங்களே சொல்லிட்டு மறந்திருக்கலாம், இல்லையா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அங்கே எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். கான்ட்ராக்டர் எனக்கு நாற்காலியைக்கூட நகர்த்திக் கொடுத்திருப்பார். முதலில் தேர்தலிலிருந்து என்னை விலக்கினாய். சரி, அது பயத்தில் செய்தது. இரண்டாவது முறை நிதானமாக, வக்கீலைக் கேட்டு, என் புத்தியிலிருந்தே என்னை விலகச் சொன்னாய். எனக்கு மிச்சம் இருக்கும் ஒரே சொத்து அது. அதற்கும் ஒரு சர்டிபிகேட் ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தாய்.

மறக்கவில்லை என்றேன். கைப்பையிலிருந்து உன் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

ஆவணமாகக் கொடுத்தால் முழுவதையும் சத்தமாகப் படித்துப் பதிவு செய்ய வேண்டுமாம். பகுதியைப் படிக்கக் கூடாது. எழுத்தர் படித்தார். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று அவர் குரலில் தொடங்கியபோது உன் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார். போன் விஷயம் வந்ததும் கான்ட்ராக்டர் கூரையைப் பார்த்தார். மாத்திரை வந்தது. கடைசியில் முத்தங்கள் வந்தன. எழுத்தர் அங்கே நிறுத்திவிட்டு, "இதையும் பதியணுங்களா?" என்று அதிகாரியைக் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

பதியுங்கள் என்றேன்.

வெளியே வந்ததும் தையற்கடைக்காரி எனக்காகக் காத்திருந்தாள். என் பெயர் மீண்டுவிட்டது, அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவளோ, "பெத்த பொண்ணையே எழுதிக் குடுத்துட்டீங்களே மேடம்" என்றாள். அன்று டீயைப் பார்த்தபோதுகூட அவள் முகத்தில் இவ்வளவு திகைப்பு இல்லை. தேர்தல் வேண்டும் என்று அவளும் கேட்டாள். அதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. இருந்தும் அந்த விலையைக் கொடுத்துவிட்டு, இருவரும் தண்டவாளத்தைத் தாண்டி வந்தோம்.

நேற்று உத்தரவு வந்தது. அறிவிப்பு ரத்து. ஏப்ரலில் வாக்குப்பதிவு. வாக்குச்சீட்டில் இரண்டு பெயர். உன் சித்தப்பா மீதும் உன் மீதும் தனியாக விசாரணை உண்டு. உனக்குச் சம்மன் வரும். வாங்கிக்கொள், கதவைச் சாத்திக்கொள்ளாதே. நல்ல வக்கீலாகப் பார், அந்தப் பழைய ஆள் வேண்டாம். போன் செய்தவனைப் பற்றியும் முழுவதும் சொல். நான் சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பதிவாகிவிட்டது.

பெற்ற மனம் பித்து என்பார்கள். மறதியை ஏற்றுக்கொள்ளாதவள் பித்தை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்வேன்? இது தெளிவான புத்தியோடு செய்த காரியம். நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். எவ்வளவு நாள் என்று நான் கேட்கமாட்டேன். உன் வேலை போகலாம். அது எனக்குத் தெரிந்துதான் கைப்பையைத் திறந்தேன்.

அந்த ஆயிரம் முத்தங்களும் இப்போது அரசாங்கக் கோப்பில் இருக்கின்றன. அவை பொய் என்று நான் என் மனுவில் எங்கேயும் சொல்லவில்லை.

அம்மா